பட்டதாரிப் பெருவிரல்

இஞ்ச வா மனே, இந்த வாங்கில இரி. உன்ட கேற்றில புதுசா ஒரு பலகை தொங்குது, கண்டன். பேரு சின்ன எழுத்தில, பின்னால பி.ஏ. பெரிய எழுத்தில. தபால்காரன் இனி வீட்டைப் பிழைவிட மாட்டான். கடன் கேட்டு வாறவனும் பிழைவிட மாட்டான், அதையும் யோசிச்சுக்க.

வயசு நாப்பத்திரெண்டு ஆகிட்டு எண்டு உன்ட உம்மா சொன்னா. எனக்கு நீ இன்னும் பொடியன்தான். மூக்கு வடிய வடிய ஜெட்டியடியில மீன் பொறுக்கின காலத்தில இருந்து பார்க்கிறன். இப்ப ஹோலில அங்கி போட்ட படம் மாட்டியிரிக்கிறாய். கலியாணப் படம் தொங்கின ஆணியாமே அது? உன்ட பெண்சாதி ஒண்டும் சொல்லல்லியா? சொல்ல மாட்டா. இத்தனை வருசமா பிள்ளையளையும் பார்த்து, ராவில உனக்குச் சாயத்தண்ணியும் ஊத்தித் தந்தவ அவதானே. பட்டத்தில பாதியை அவட பேருக்கு எழுதணும். பலகையில இடம் இரிக்கா?

சிரிக்கிறன் எண்டு கோபிக்காத. நீ படிச்சதுக்கு நான் சிரிக்கல்ல. படிச்சு முடிச்ச மறுநாளில இருந்து படலையைப் பார்த்துக்கிட்டு இரிக்கிறாயே, அதுக்குத்தான் சிரிக்கிறன். ஆரு வரணும்? ஜனாதிபதி நியமனக் கடிதத்தைக் கையில எடுத்துக்கிட்டு லாஞ்சியில வந்து இறங்குவாரா?

கிட்டடியில ரை கட்டின பொடியன் ஒருத்தன் வந்து செமினார் வச்சானாம், வளந்தவங்க பட்டம் எடுத்த பிறகு போற தொழிற்பாதை எண்டு. திரையில அம்புக்குறி போட்டுக் காட்டினானாம். பட்டம், அங்கால ஒரு அம்பு. நேர்முகம், அங்கால ஒரு அம்பு. உத்தியோகம், பதவியுயர்வு, பென்சன். ஒரு அம்பும் வளையல்லியாம். நீயும் கொப்பியில எழுதிக்கிட்டு வந்தாயாம். மனே, மூதூரில பொறந்த உனக்குமா அது நேரா வரும்? திருகோணமலை குடாவுக்கு அங்கால கண்ணுக்கு முன்னால தெரியும். பாலங்கள் வாறதுக்கு முந்திப் போகத்தான் ஏலாது. லாஞ்சி ஏற வேண்டியிருந்திச்சு. காத்துக் கடுமை எண்டா லாஞ்சி இல்ல. தரையால போனா ஆத்துக்கு ஆறு இறங்கி மிதவைப் பாதை ஏற வேண்டியிருந்திச்சு. 2009இல கிண்ணியாப் பாலத்தைத் திறந்தாங்க, 396 மீற்றர். மறுகா மத்தப் பாலங்கள் ஒண்டொண்டா வந்திச்சு. அதுக்குப் பிறகுதானே நீங்க எல்லாரும் சனி ஞாயிறில பேக்கைத் தூக்கிக்கிட்டுப் படிக்கக் கிளம்பினது?

அந்தப் படிப்பை நான் குறை சொல்ல மாட்டன். திறந்த பல்கலைக்கழகம் 1980இல வந்தது. ஏ.எல். இல்லாதவனும் அடிப்படைப் பாடநெறி முடிச்சு உள்ள போகலாம். ஒலுவிலும் வந்தாறுமூலையும் வெளிவாரியாப் படிக்க விடுது. மீன்காரன், தையல்காரி, மூணு பிள்ளைக்கு உம்மா, ஆரும் படிக்கலாம். நல்ல விசயம். நல்லதை நல்லது எண்டு சொல்லணும், சொல்லிட்டன். இனி என்ட வேலையைப் பார்ப்பம்.

அந்த அம்புக்குறிக்காரனிட்ட காரைதீவுச் சாமிட கதையைச் சொல்லியிரிக்கணும் நீ. விபுலாநந்த அடிகள். முந்தி அவருக்குப் பேரு மயில்வாகனம், வாத்தியார் வேலை. நம்ம நாட்டில பல்கலைக்கழகம் எண்டு ஒண்டு 1942இலதான் வந்தது. அதுக்கு முந்திப் பட்டம் வேணுமெண்டா பெரும்பாலும் லண்டன்தான். லண்டன்காரன் 1858இல இருந்தே, தன்ட ஊரை எட்டியும் பார்க்காதவனுக்குப் பரீட்சை வச்சுப் பட்டம் குடுத்துக்கிட்டு இருந்தவன். நம்ம மயில்வாகன வாத்தியார் 1916இல மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சை பாஸ் பண்ணினாரு. அது காணாது எண்டு, படிப்பிச்சுக்கிட்டே லண்டன் பரீட்சையும் எழுதி பி.எஸ்ஸி. எடுத்தாரு. சயன்ஸ் பட்டம்! அம்புக்குறிப்படி மனிசன் எங்க போகணும்? அவரு துறவியாப் போனாரு. திருகோணமலைக்கு வந்து இந்துக் கல்லூரியைப் பார்த்தாரு. 1931இல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில தமிழ்ப் பேராசிரியர். 1943இல நம்ம இலங்கைப் பல்கலைக்கழகத்தில தமிழ்ப் பேராசிரியர்.

சயன்ஸ் பட்டக்காரன் தமிழ்க் கதிரையில! அப்ப படிச்ச சயன்ஸ் வீணாகிட்டா? இல்ல மனே. அந்தக் கணக்கையும் பௌதிகத்தையும் வச்சுத்தான், ஆரும் கண்ணால கண்டிராத பழைய யாழுக்குச் சுரம் அளந்து யாழ் நூல் எழுதினாரு. 1947இல அதை அரங்கேத்தி அடுத்த மாசமே கண்ணை மூடிட்டாரு. பட்டம் எடுத்த கையோட வாசலைப் பார்த்துக் குந்தியிருந்தா யாழ் நூல் வந்திரிக்குமா? அவரு கேற்றில பலகை தொங்கினதா நான் கேள்விப்படல்ல. கேற் இருந்ததா எண்டே தெரியா.

இன்னும் தூரமாப் போகணுமா? மண்டேலா ஜெயிலுக்குள்ள இருந்து தபாலில படிச்சு 1989இல சட்டப் பட்டம் எடுத்தாரு, எழுபது வயசில. அஞ்சு வருசத்தில ஜனாதிபதி வேலை கிடைச்சிச்சு. நல்ல தொழிற்பாதை. இருபத்தேழு வருசம் உள்ள கிடக்கணும் எண்டுறதை மட்டும் திரையில போட்டுக் காட்ட இடம் காணாது.

உனக்கு ஜனாதிபதி வேலை வேணாம், தெரியும். உனக்கு வேணும் டீ.ஓ. வேலை. அபிவிருத்தி உத்தியோகத்தர். என்னத்தை அபிவிருத்தி செய்யிற எண்டு கேட்டா அது வேற கதை. 2012இல ஒருதரம் பட்டதாரிகளை அள்ளி எடுத்தாங்க. மறுகா வரிசை நீண்டு, 2017இல திருகோணமலையிலயும் மட்டக்களப்பிலயும் பட்டதாரிகள் கொட்டகை போட்டு ரோட்டோரம் மாசக்கணக்கில கிடந்தாங்க. வயசெல்லையைக் கூட்டு எண்டு கேட்டாங்க. வெளிவாரிக்காரனையும் உள்வாரிக்காரனையும் பிரிக்காத எண்டு கேட்டாங்க. அந்த வெயிலில கிடந்த பிள்ளையளைப் பார்த்து நான் சிரிக்க மாட்டன். படி படி எண்டு சொன்னவங்க, படிச்சு முடிய முகத்தைத் திருப்பினா ஆருக்குத்தான் வயிறு எரியாது? 2020இல திரும்ப ஐம்பதாயிரம் பேரளவில எடுத்தாங்க. பயிலுனர் எண்டு மாசம் இருபதாயிரம் ரூவா. அந்தக் காசுக்கு நம்ம ஜெட்டியில வலை இழுக்கிறவன் வர மாட்டான். ஆனா அவனுக்குப் பென்சன் இல்லையே!

அப்பிடிப் போன ஒருத்தன் எனக்குச் சொன்னான். ஒவ்வீஸ் பேரு வேணாம். காலையில எட்டரைக்கு வேலையாம். அவன் எட்டு மணிக்கே போயிடுவானாம். என்னடா இவ்வளவு அக்கறை எண்டு கேட்டன். "அப்பா, கதிரை காணாது. முந்திப் போனாத்தான் இருக்கலாம்" எண்டான். ஆறு வருசம் படிச்ச பிள்ளை, கதிரைக்கு ஓடுது! பிந்தி வந்தவங்க மாமரத்துக்குக் கீழ நிண்டு நாட்டை அபிவிருத்தி செய்யிறாங்களாம்.

அதை விடு. வாசலில ஒரு மெசின் இரிக்காம். வந்தோண்ண பெருவிரலை வைக்கணும், போகக்குள்ளயும் பெருவிரலை வைக்கணும். என்ட வாப்பா காணி உறுதி எழுதக்குள்ள பெருவிரலை மையில தொட்டு வச்சவரு. அவரைக் கைநாட்டு எண்டு இந்த ஊரே சொல்லிச்சு. அவரு ஆயுசில நாலஞ்சு தரந்தான் வச்சிரிப்பாரு. நீங்க பட்டம் எடுத்துப்போட்டு ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வைக்கிறீங்க. ஆருடா கைநாட்டு?

கேளு, இன்னும் இரிக்கு. 2022இல எண்ணெய் இல்ல, காஸ் இல்ல, டொலர் இல்ல. ஜூன் மாசம் அரசாங்கம் யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவு எடுத்திச்சு. அத்தியாவசிய சேவை தவிர மத்த அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு, மூணு மாசத்துக்கு. என்னத்துக்கு? வீட்டில தோட்டம் செய்யிறதுக்கு! நான் பேப்பரை ரெண்டு தரம் வாசிச்சன். மண்வெட்டி பிடிக்கக் கூடாது எண்டுதானே மனே நீங்க பட்டம் எடுத்த? அந்த மண்வெட்டி சர்க்குலரில ஏறி மேசைக்கே வந்திட்டு. என்ட பக்கத்து வளவு உத்தியோகத்தர் வந்து மிளகாய்க் கண்டுக்கு எத்தனை தரம் தண்ணி ஊத்துற எண்டு கேட்டாரு. சொன்னன். ஜும்ஆ முடிஞ்சு வந்து சாப்பிட்டுப் படுத்தாரு. கண்டு செத்துப் போச்சு.

அதே வருசம் இன்னொரு சர்க்குலர். சம்பளமில்லாம அஞ்சு வருசம் லீவு, வெளிநாடு போய் உழைச்சு டொலர் அனுப்பு எண்டு. அரசாங்க வேலைக்காகப் பத்து வருசம் காத்துக் கிடந்து, வேலை கிடைச்சோண்ண, அந்த வேலையில இருந்து லீவு எடுத்துக் கட்டாருக்குப் போனவங்க இரிக்காங்க. அம்புக்குறிப் பொடியன் இதை எப்பிடிக் கீறுவான்? அம்பு கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து, சூட்கேசைத் தூக்கிக்கிட்டு மறுபடி போகுது.

இந்த வேலை உனக்கு வேணாம் எண்டு நான் சொல்லல்ல. கிடைச்சா எடு. ஆனா கணக்குப் போட்டுப் பாரு. இண்டைக்கே கிடைச்சாலும் நாப்பத்திரெண்டு. அறுபதில அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள வினைத்திறன் காண் தடைப் பரீட்சை. ரெண்டாம் மொழி எண்டு சிங்களப் பரீட்சை. உன்ட மகன் ஓ.எல். படிக்கிறான், நீயும் அதே மேசையில புத்தகத்தோட குந்துவாய். ஆரு ஆருக்குச் சொல்லிக் குடுக்கிற எண்டு உன்ட பெண்சாதி முழிப்பா. திரும்பவும் சாயத்தண்ணி அவதான் ஊத்தணும்.

வளந்த பிறகு பட்டம் எடுத்து நல்லா வந்தவங்க நம்ம பக்கத்திலயே இல்லையா? இரிக்காங்க. அவங்களைப் பார்த்தா ஒண்டு வெளங்கும். தோணி வச்சிரிக்கிறவன் எஞ்சின் வாங்கிப் பூட்டினான், கடலுக்குப் போனான். நீ எஞ்சினை மட்டும் வாங்கி மணலில வச்சுக்கிட்டு, தோணி தாங்க எண்டு அரசாங்கத்தைக் கேட்கிறாய்.

நேர்ஸ் பிள்ளை ஒண்டு. ஆஸ்பத்திரியில நைற் டியூட்டி முடிச்சு வந்து திறந்த பல்கலைக்கழகத்தில நேர்சிங் பட்டம் படிச்சிச்சு. வேலையில இருக்கிற நேர்ஸ்மாருக்கெண்டே அங்க அந்தப் பட்டம் இரிக்கு. முடிச்ச பிறகு என்ன செஞ்சா? ஒண்டுமில்ல, திங்கட்கிழமை வழமை போல வேலைக்குப் போனா. ஆனா டொக்டர் துண்டில எழுதினது ஏன் எண்டு அவளுக்கு இப்ப தெரியும். பிழை எண்டா கேட்பா. கேட்கத் தெரிஞ்சவளை மேல எடுக்காம விடுவாங்களா? இப்ப அவ மத்த நேர்ஸ்மாருக்குப் படிப்பிக்கிறா.

தோப்பூர்ப் பக்கம் ஹாட்வெயார் கடைக்காரன் ஒருத்தன், முகாமைத்துவப் பட்டம் எடுத்தான். முதல் மாசம் ரை கட்டிக்கிட்டுக் கல்லாவில குந்தினான். சீமெந்துத் தூசியில ரை வெள்ளையாப் போச்சு, கழட்டிட்டான். மறுகா படிச்ச படி கடன் கொப்பியை எடுத்து ஆருக்கு எவ்வளவு, எத்தனை நாள் எண்டு கீறிப் பார்த்தான். ஆகக் கூட வாங்கிற நல்ல வாடிக்கைக்காரன்தான் ஆகக் கூட நட்டம் எண்டு தெரிய வந்திச்சாம். ஆரு எண்டு நினைக்கிறாய்? சொந்த மச்சான்! குடும்பத்தில சண்டை, கடையில லாபம். படிச்ச படிப்பு வேலை செஞ்சா அப்பிடித்தான் இரிக்கும்.

பட்டம் இருந்தா எல்லாம் தெரியும் எண்டும் நினைக்காத. 2021இல செயற்கை உரத்தை ஒரே அறிவிப்பில நிப்பாட்டினாங்களே, அந்த மேசையைச் சுத்தி இருந்தவங்க எல்லாரும் என்னைப் போல அஞ்சாம் வகுப்பா? வட்டைக்குள்ள மஞ்சள் பத்தின வெள்ளாமையைப் பார்த்து எந்தப் போடியாரும் சொல்லியிரிப்பான், இது சரிவராது எண்டு. கேட்க ஆள் இல்ல. அந்த வருச முடிவுக்குள்ள தாங்களே தடையை எடுத்தாங்க.

வாத்திமாரைப் பத்தித்தான் எனக்குக் கூடக் கவலை. நம்ம ஊரில வளந்த பிறகு படிக்கிறவங்களில அரைவாசிப் பேரு வாத்திமார்தான். பயிற்சிக் கலாசாலை முடிச்சு வாறாங்க, மறுகா வெளிவாரிப் பட்டம், மறுகா கல்வி டிப்ளோமா. சம்பளப் படி ஏறும். அது நியாயம். பிள்ளைகுட்டிக்காரன் ஏறத்தானே வேணும்? ஆனா ஒரு டீச்சர் இருந்தா. ஒண்ணாம் வகுப்பு. அவட கையில குடுத்தா, அழுது கத்துற பிள்ளையும் ஒரு கிழமையில 'அ' எழுதும். என்ட பேரப்பிள்ளையள் எல்லாம் அவட கையால எழுதப் பழகினதுதான். அவ அரசியல் விஞ்ஞானத்தில பட்டம் எடுத்தா. எடுத்த மறுவருசம், பட்டதாரி எண்டு ஏ.எல். வகுப்புக்கு ஏத்திட்டாங்க. அவளும் சந்தோசமாத்தான் போனா. பட்டதாரி ஒண்ணாம் வகுப்பில நிண்டா ஊர் என்ன சொல்லும்? இப்ப ஏ.எல். பிள்ளையள் அவ சொல்றதைக் கொப்பியில பார்த்து எழுதுதுகள். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையள் 'அ'வைத் தலைகீழா எழுதுதுகள். படிச்சவளைக் கீழ் வகுப்பில வச்சுக்கிட்டு மேல் வகுப்புச் சம்பளம் குடுத்தா என்ன கெட்டுப் போகும்? இதை நான் கேட்டா, உங்களுக்கு நிர்வாகம் தெரியாது எண்டுறாங்க. ஓம், தெரியாதுதான்.

நம்ம ஊரில புளியமரத்தடியில ஒரு கல் நட்டு வச்சிரிக்கே, பார்த்திரிக்கியா? றொபேட் நொக்ஸ் எண்ட வெள்ளைக்காரப் பொடியன்ட கப்பல் ஆக்களைப் பிடிச்ச இடமாம். 1660. பாய்மரம் உடைஞ்ச கப்பலைத் திருத்தக் கொட்டியாறுக் குடாவுக்குள்ள வந்தவங்களை, கண்டி ராசாட ஆக்கள் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. அவனுக்கு வயசு பத்தொம்பது. கூடப் பிடிபட்ட தகப்பன் அந்தச் சிறையிருப்பிலயே மௌத்தாகிட்டாரு. இருபது வருசத்துக்குக் கிட்ட கண்டி ராச்சியத்தில கிடந்தான். ராசா வேலை குடுக்கட்டும் எண்டு குந்தினானா? தொப்பி பின்னி வித்தான். கோழி வளத்தான். நெல்லை வட்டிக்குக் குடுத்தான், அந்த வட்டியைக் கேட்டா நம்ம வட்டிக்கடைக்காரனுக்கும் வெட்கம் வரும். 1679இல தப்பி ஓடி, 1681இல இந்தத் தீவைப் பத்திப் புத்தகம் போட்டான். அதை இண்டைக்கும் படிச்சுப் பட்டம் எடுக்கிறாங்க. எடுத்தவங்களுக்கு வேலை இல்ல, எழுதினவனுக்குத் தொப்பி பின்னத் தெரியும்.

உன்ட கையில என்ன இரிக்கு எண்டு கேட்டா, ஒண்டுமில்ல எண்டுறாய். பொய். பட்டம் எடுக்கிறதுக்கு முந்திப் பதினஞ்சு வருசம் லாஞ்சியிலயும் மீன் வாடியிலயும் கணக்கு எழுதினவன் நீ. எந்த மாசம் நெத்தலி, எந்தக் காத்துக்குக் கணவாய், ஐஸ் விலை ஏறினா எந்த முதலாளி முதல்ல கையை விரிப்பான், எல்லாம் உனக்கு மனப்பாடம். புவியியல் படிச்சிரிக்கிறாய். கடலைப் பத்தியும் படிச்சாயாமே? ஆனா பட்டம் எடுத்த நாளில இருந்து வாடிப் பக்கம் போறதில்ல. மீன் மணக்குதாம். அந்த மணத்திலதான் மனே, உன்ட பாடக் கட்டணம் கட்டின.

அந்த வாடிக்காரன் இப்பவும் ஆள் தேடுறான். கணக்கு எழுத இல்ல. வெளிநாட்டுக்கு மீன் எடுக்கிற கம்பனியோட கதைக்க, படிவம் நிரப்ப, எங்க பிடிச்சது எப்ப பிடிச்சது எண்டு எழுதிக் குடுக்க. கொழும்பில இருந்து ஒருத்தனைக் கொண்டு வந்தானாம். அவனுக்குப் பாரையும் சூரையும் ஒண்டு. போன கிழமை ஓடிட்டான். நீ போவியா? பலகையில பி.ஏ.க்குப் பக்கத்தில மீன்வாடி எண்டு எழுத வேணாம், பயப்படாத. கெசட் வந்தா அதுக்கும் போடு. ரெண்டு வலை போட்டா ஒண்டிலயாவது படும்.

சரி, போறதுக்கு முந்தி இதைப் பாரு. என்ட காணி விசயமா கடிதம் ஒண்டு வந்து மூணு நாளாக் கிடக்கு. முழுக்கச் சிங்களம். ரெண்டாம் மொழிப் பரீட்சைக்கு நீ இப்பவே படிக்கத் தொடங்கிட்டாய் எண்டு உன்ட மகன் சொன்னான். வாசி பார்ப்பம். கண்ணாடி வேணுமா? இந்தா, என்டதைப் போடு. என்ன, முதல் வரியிலயே நிண்டுட்டாய்? அது திகதிதானே மனே. அங்கால போ.